செவ்வாய் இரவுக்கு ஓர் ஆட்டம்: சான் பிரான்சிஸ்கோவின் மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட் சதுரங்கக் கழகம்

வேலைக்குப் போகிற நடுவயதுக்காரர் முறையான சதுரங்கப் போட்டி ஆட வேண்டுமென்றால் எங்கே போவது? சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு என்னிடம் பதில் இருக்கிறது: மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட் சதுரங்கக் கழகம், போஸ்ட் தெரு, 57ஆம் எண், நான்காவது மாடி. மான்ட்கோமரி ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான்.

நான் 1990களில் சென்னையில் பள்ளிப் போட்டிகளில் ஆடியவள். ஒரே நாளில் அடுத்தடுத்துச் சுற்றுகள், வாசலில் சாப்பாட்டுக் கூடையோடு காத்திருக்கும் அம்மாக்கள், மாலையில் கோப்பை. அந்த வேகத்துக்கு இன்று என்னால் ஈடுகொடுக்க முடியாது. அப்படி ஆட விருப்பமும் இல்லை. இங்கே செவ்வாய் இரவுகளில் நடக்கும் ‘டியூஸ்டே நைட் மாரத்தான்’ என்ற தொடர் அதற்கு நேரெதிர். வாரத்துக்கு ஒரே ஒரு ஆட்டம். ஒவ்வொருவருக்கும் இரண்டு மணி நேரம். தொடக்கத்தில் ஏதோ சரியில்லை என்று தோன்றினால் இருபது நிமிடம் உட்கார்ந்து யோசிக்கலாம். வீட்டுக்குப் போய் அடுத்த செவ்வாய் வரை அந்த ஆட்டத்தை அசைபோடலாம். என் வயதில் கற்றுக்கொள்வதற்கு இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியவில்லை.

சுவிஸ் முறைப் போட்டி என்பதால் தோற்றவர் வெளியேற வேண்டியதில்லை. ஏறக்குறைய அதே புள்ளியில் இருப்பவரோடு அடுத்த சுற்று. ரேட்டிங்கை, அதாவது ஆட்டத்திறனைக் காட்டும் எண்ணை, ஒட்டிப் பிரிவுகளும் இருக்கின்றன. அலுவலக வேலையால் ஒரு வாரம் வர முடியாதென்றால் முன்கூட்டியே சொல்லி, அந்தச் சுற்றை ஆடாமலே அரைப் புள்ளி தரும் ‘பை’ வாங்கிக்கொள்ளலாம். குடும்பமும் வேலையும் உள்ளவர்கள் ஒரு தொடரை முழுதாக முடிப்பது இந்தச் சலுகையால்தான்.

நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று, கடிகாரம். ஒவ்வொரு நகர்வுக்கும் நேரம் கூடிக்கொண்டே போகும் ‘இன்கிரிமென்ட்’ இங்கே இல்லை. ஐந்து விநாடி ‘டிலே’ மட்டும்தான். அந்த ஐந்து விநாடி கழிந்த பிறகே உங்கள் நேரம் குறையத் தொடங்கும், ஆனால் மிச்சம் பிடித்ததைச் சேர்த்துவைக்க முடியாது. கடைசி நிமிடத்தில் விநாடிகளைத் திரட்டிக்கொள்ளலாம் என்று நம்பி ஆடாதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஆட்டம் முடிந்த பிறகு நடப்பதுதான். ஒருநாள் ஒரு கல்லூரி மாணவனுக்கும் எனக்கும் யானை இறுதியாட்டம்; ராஜாக்களும் யானைகளும் சிப்பாய்களும் மட்டுமே மிச்சம். அவனிடம் ஒரு சிப்பாய் கூடுதல், ஆனாலும் டிரா. கைகுலுக்கியதும் அவன் கேட்ட முதல் கேள்வி, “நான் எங்கே ஜெயித்திருக்கலாம்?” தன் ஆட்டத்தை முடித்துவிட்டு நின்றிருந்த முதியவர் ஒருவர் எங்களோடு உட்கார்ந்து காய்களைப் பின்னுக்கு நகர்த்தினார். முன்னேறும் தன் சிப்பாய்க்கு முன்னால் அவன் யானையை நிறுத்தியிருந்தான். அதையே சிப்பாய்க்குப் பின்னால் கொண்டுபோயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பொறுமையாக ஆடிக் காட்டினார். அவனுக்கும் பாடம், எனக்கும் பாடம். இப்படி ஒரு பயிற்சியை நான் காசு கொடுத்துக்கூடப் பெற்றதில்லை.

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தங்க வேட்டைக் காலத்துக்குப் பிறகு, வேலையற்றுத் திரிந்த தொழிலாளர்களுக்குக் கல்வி தருவதற்காக 1854இல் தொடங்கிய நிறுவனம் இது. அமெரிக்காவில் இடைவிடாமல் இயங்கிவரும் மிகப் பழைய சதுரங்கக் கழகம் இதனுடையதுதான். 1906 நிலநடுக்கத்தின்போது பழைய கட்டடம் அழிந்தது. இன்றைய கட்டடம் ஆல்பர்ட் பிஸ்ஸிஸ் வடிவமைத்தது. கீழே நூலகம், நடுவே சுழன்று ஏறும் படிக்கட்டு. லிஃப்டை விட்டுவிட்டு அதில் ஒருமுறையாவது ஏறிப் பாருங்கள். பழைய உலகச் சாம்பியன்கள் கபாப்ளாங்காவும் அலெகைனும் வந்துபோன கழகம். ஆனால் அந்தப் பெருமையைக் காட்டிப் புதியவர்களை ஒதுக்குகிற வழக்கம் இங்கே இல்லை. இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் மானுவல் ஆரோன் 1972இல் சென்னை சோவியத் கலாசார மையத்தில் தொடங்கிய டால் சதுரங்கக் கழகத்தில்தான் சிறுவன் ஆனந்த் பெரியவர்களோடு ஆடி வளர்ந்தார். வயது பார்க்காமல் எதிரெதிரே உட்காரவைக்கும் அந்தப் பண்பை இங்கேயும் பார்க்கிறேன்.

எல்லோருக்கும் இது ஒத்துவராது. ஆட்டம் இரவு பத்தரையைத் தாண்டியும் நீளும். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவுக்கு அக்கரையில் இருப்பவர்கள் ரயில் நேரத்தைப் பார்த்துவைத்துக்கொள்வது நல்லது. மறுநாள் பள்ளி இருக்கும் சிறு பிள்ளைகளைச் செவ்வாய் இரவுக்கு அழைத்துவர வேண்டாம் என்பேன். அவர்களுக்குத் தொடக்கநிலை வகுப்புகளும் பகலில் முடிந்துவிடும் வார இறுதிப் போட்டிகளும் போதும். ரேட்டிங் போட்டிகளில் ஆட அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பின் உறுப்பினர் எண் அவசியம், அதை முதலில் எடுத்துவிடுங்கள். பல ஆண்டுகளாக ஆடாமல் விட்டவர்கள் நேராகப் போட்டியில் இறங்க வேண்டியதில்லை. ஏதாவது ஒரு பகல் வேளையில் வந்து, எதிரே உட்கார ஆள் இருக்கிறாரா என்று கேட்டு, கடிகாரம் இல்லாமல் ஓர் ஆட்டம் ஆடிவிட்டுப் பிறகு பெயர் கொடுங்கள்.