பர்கண்டியில் மூன்று நாள்: வேனை விடுங்கள், சைக்கிள் எடுங்கள்

பிரான்சில் ஒயின் தோட்டங்களைப் பார்க்கப் போகிறோம் என்றதும் பாதிப் பேர் போர்தோ போங்கள் என்றார்கள், மீதிப் பேர் ஷாம்பெய்ன் பக்கம் போனால் பாரிஸிலிருந்து ஒரே நாளில் திரும்பிவிடலாம் என்றார்கள். நாங்கள் பர்கண்டி போனோம். அக்டோபர் இரண்டாம் வாரம், நானும் மனைவியும், போன் என்ற சின்ன ஊரில் தங்கி மூன்று நாள். முதல் நாள் அரை நாள் வேன் சுற்றுலா, இரண்டாம் நாள் சைக்கிள், மூன்றாம் நாள் ரயிலும் நடையும். இந்த வரிசையை நாங்கள் திட்டமிடவில்லை, முதல் நாள் ஏமாற்றத்தால் அப்படி அமைந்தது. இதே பயணத்தை யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேனில் போனால் பர்கண்டி பிடிபடாது. அங்கே பார்க்க வேண்டியது மண்ணையும் வரப்பையும். அதை நடந்தோ சைக்கிளிலோதான் பார்க்க முடியும்.

போவது சுலபம். பாரிஸ் கார் த லியோன் நிலையத்திலிருந்து டிஜோனுக்கு டிஜிவி ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். அங்கிருந்து போன் ஊருக்கு உள்ளூர் ரயிலில் இருபது நிமிடம் போல. டிஜோனில் ஏறும்போது வலதுபக்க சன்னலோரம் உட்காருங்கள். ஊர் தாண்டியதும் ஒரு தாழ்வான மலைச்சரிவு கூடவே வரும், பெரிய மலை இல்லை, நம்ம ஊர்க் கரடு மாதிரிதான். அதன் அடிவாரத்திலிருந்து பாதி உயரம் வரை கோடு கோடாகத் திராட்சைக் கொடி. உலகம் பணத்தைக் கொட்டிக் கொடுக்கும் பர்கண்டி ஒயின்கள் பெரும்பாலும் இந்த ஒற்றைச் சரிவிலிருந்துதான் வருகின்றன. பல இடங்களில் அகலம் ஒன்றிரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது.

வேன் சுற்றுலா பற்றிச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். எட்டுப் பேர், நான்கு மணி நேரம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், அந்த வட்டாரத்தில் இதே மாதிரி நிறைய ஓடுகின்றன. வழிகாட்டி நல்ல மனிதர், விஷயமும் தெரிந்தவர், ஆனால் அவருக்குக் கொடுத்திருந்த அட்டவணை அப்படி. நான்கு கிராமங்கள், ஒவ்வொன்றிலும் இறங்கி ஒரு படம், ஏறு, அடுத்தது. ஒரு பாட்டிலே லட்சக்கணக்கில் விற்கும் ரோமனே கோன்தி தோட்டத்தின் முன்னால் மொத்தம் ஆறு நிமிடம் நின்றோம். அப்புறம் ஒரு பெரிய கடையின் நிலவறையில் ஆறு ஒயின்களை வரிசையாக ஊற்றினார்கள். எது எந்த ஊர், எது சரிவில் எந்த உயரம் என்று கேட்பதற்குள் அடுத்தது கிளாஸில் விழுந்துவிட்டது. கடைசி அரை மணி நேரம் முழுக்க விற்பனைப் பேச்சு. பெட்டியாக வாங்கினால் வீட்டுக்கே அனுப்பிவைக்கிறோம் என்றவர்களிடம் இந்தியாவுக்கு அனுப்ப என்ன செலவு, வரி எவ்வளவு என்று கேட்டால் தெளிவான பதில் இல்லை. அன்று ராத்திரி அறைக்கு வந்தபோது ஆறு ஒயினில் ஒன்றின் ருசிகூட எங்கள் இரண்டு பேருக்கும் ஞாபகம் இல்லை. கொடுத்த பணத்துக்கு இது போதாது.

மறுநாள் காலை போன் ஊரிலேயே இரண்டு சைக்கிள் வாடகைக்கு எடுத்தோம். ஊரிலிருந்து தெற்கே சாந்த்னே வரை தோட்டங்களுக்கு நடுவே ஒரு சைக்கிள் பாதை போகிறது, ‘வுவா தே வீன்’ என்று பெயர், அதாவது கொடிகளின் வழி, இருபத்திரண்டு கிலோமீட்டர் போல இருக்கும். பொமார், வோல்னே, மெர்சோ, புலினி மொன்ராஷே என்று பாட்டில் லேபிளில் மட்டும் பார்த்த பெயர்கள் ஒவ்வொன்றாக ஊர்ப் பலகையில் வரும். ஏற்றம் இருக்கிறது, ஆனால் பயப்படும்படி இல்லை. மழை வந்தால் ஒதுங்க இடமே கிடையாது, அதனால் மழைச்சட்டை கட்டாயம். நாங்கள் மெர்சோவுக்கு முன்னால் நன்றாக நனைந்தோம்.

சைக்கிளில் போனால் நினைத்த இடத்தில் நிற்கலாம். வோல்னே தாண்டி ஓர் இடத்தில் இறங்கிக் கொடியைப் பக்கத்தில் பார்த்தோம். என் இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். நம்ம ஊர்க் கம்பம் பள்ளத்தாக்கில் தலைக்கு மேலே பந்தல் போட்டுத் தொங்கும் பன்னீர்த் திராட்சையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது திராட்சை என்றே தோன்றாது. தண்டு மணிக்கட்டு கனம், முறுக்கிக்கொண்டு கறுப்பாக. வரிசைக்கு வரிசை ஒரு மீட்டர்தான் இடைவெளி, ஒரு ஹெக்டேரில் பத்தாயிரம் கொடி வரை நடுகிறார்கள். அந்தச் சந்தில் சாதாரண டிராக்டர் நுழையாது, அதனால் கொடி வரிசையைக் கால்களுக்கு நடுவே விட்டுக்கொண்டு போகும் உயரமான டிராக்டர் வைத்திருக்கிறார்கள். மண்ணில் பாதி கல், வெள்ளையும் மஞ்சளுமாக உடைந்த சுண்ணாம்புக்கல், நடுவில் பழுப்பு நிறக் களி. அறுவடை முடிந்து இலை பழுக்கத் தொடங்கியிருந்தது. ஒரு வரப்புக்கு இந்தப் பக்கம் மஞ்சள், அந்தப் பக்கம் இன்னும் பச்சை.

அந்த வரப்புதான் எல்லாம். பர்கண்டியில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனிப் பெயர் உண்டு, ‘கிளிமா’ என்கிறார்கள். 1,247 கிளிமாக்களைச் சேர்த்து 2015-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சிவப்புக்குப் பினோ நுவார், வெள்ளைக்கு ஷார்டொனே, பெரும்பாலும் இந்த இரண்டே ரகம்தான். அதனால் ஒயினுக்கு ஒயின் தெரியும் வித்தியாசத்தில் பெரும்பங்கு நிலத்தாலும் ஆளாலும் வருவது. அடிவாரத்தில் சாலைக்குக் கீழே களி அதிகம், தண்ணீர் நிற்கும், அங்கே விளைவது பெரும்பாலும் வெறுமனே ‘பர்கண்டி’ என்ற பெயரில் போகும். கொஞ்சம் மேலே ஊர்ப் பெயரில் விற்கும் ஒயின். அதற்கும் மேலே ப்ரிமியே க்ரூ என்ற உயர் தரம். சரிவின் நடுவயிற்றில், வெயிலும் வடிகாலும் சரியாக அமைந்த இடத்தில் க்ரான் க்ரூ என்ற உச்சத் தரம். பத்தடி மண் பாதை ஒன்று நடுவில் போகும், அதற்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் மூன்று மடங்கு. புத்தகத்தில் படித்தபோது இதை நான் முழுசாக நம்பவில்லை.

நம்ப வைத்தது பிற்பகலில் பார்த்த ஒரு சின்னக் குடும்பத் தோட்டம். மூன்று வாரத்துக்கு முன்பே மின்னஞ்சல் அனுப்பி நேரம் வாங்கியிருந்தோம். வீட்டு முற்றத்திலேயே தொட்டிகள், வீட்டுக்கு அடியில் நிலவறை. ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர், ரப்பர் பூட்ஸ், கை முழுக்க ஊதாக் கறை. கடைசித் தொட்டி அன்றுதான் பிழியப் போகிறது என்றார். உள்ளே போனதும் பழுத்த நாவல்பழமும் ஈர மண்ணும் கலந்த மாதிரி ஒரு வாசம். தொட்டிக்குமேல் எட்டிப் பார்க்கப் போன என்னைத் தோளைப் பிடித்து இழுத்துவிட்டார். சாறு நொதிக்கும்போது கரியமில வாயு மேலே தேங்கி நிற்குமாம், குனிந்து மூச்சு இழுத்தால் மயக்கம் போட்டு உள்ளேயே விழுந்துவிடுவார்கள் என்றார்.

நிலவறையில் 228 லிட்டர் ஓக் பீப்பாய்கள் இரண்டு வரிசை, சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. அதை யாரும் துடைப்பதில்லை. கண்ணாடிக் குழாய் ஒன்றைப் பீப்பாய்க்குள் விட்டு, மேல் வாயைக் கட்டைவிரலால் அடைத்து எடுத்து, கிளாஸில் இரண்டு விரல் அளவு விட்டார். ஊர்ப் பெயரில் விற்கும் வோல்னே முதலில். அடுத்தது வோல்னேயிலேயே ஒரு ப்ரிமியே க்ரூ. இரண்டு நிலமும் ஒரே பாதையின் மேலும் கீழும், ஒரே ஆண்டு அறுவடை, ஒரே கை. முதலாவது நன்றாக இருந்தது, பழம், கொஞ்சம் புளிப்பு, வாயில் சட்டென்று முடிந்துவிடும். இரண்டாவதை வாளியில் துப்பிய பிறகும் (துப்பத்தான் வேண்டும், அங்கே அது மரியாதைக் குறைவு இல்லை, சைக்கிள் ஓட்டிக்கொண்டு திரும்ப வேண்டும் வேறு) வாசம் தொண்டையில் நின்றுகொண்டே இருந்தது. ஒயினே அதிகம் பழகாத என் மனைவிதான் முதலில் சொன்னாள், இது வேற மண்ணு என்று. அந்த அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம், இன்னொரு பீப்பாயையும் திறந்தார்.

அறுவடை பற்றியும் பேசினார். அவர் சிறுமியாக இருந்தபோது பள்ளி திறந்து வெகுநாள் கழித்துத்தான் அறுவடை, இப்போது சில ஆண்டுகளில் ஆகஸ்டிலேயே கத்தரிக்கோல் எடுக்க வேண்டியிருக்கிறது. இது ஒருவர் நினைவு மட்டும் இல்லை. போன் ஊரின் அறுவடைத் தேதிகளை 1354-இலிருந்து 2018 வரை தொகுத்த ஆய்வு ஒன்று 2019-இல் வந்தது, 1988-க்குப் பிறகு அறுவடை சராசரியாகப் பதின்மூன்று நாள் முன்னதாக வருகிறது என்கிறது. கொடி சீக்கிரம் துளிர்த்துவிடுவதால் ஏப்ரல் உறைபனியில் துளிர் கருகிவிடும் அபாயமும் கூடிவிட்டது. 2021 ஏப்ரலில் அப்படித்தான் நடந்தது, ராத்திரி முழுக்க வரிசைக்கு நடுவே மெழுகுத் தீ வைத்துக் காவல் காத்தோம், அப்படியும் பாதிக்கு மேல் போய்விட்டது என்றார். சொல்லும்போது குரல் தாழ்ந்துவிட்டது.

மூன்றாம் நாள் ரயிலில் வூஜோ. சின்ன நிலையம், எல்லா வண்டியும் நிற்காது, நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். க்ளோ த வூஜோ என்பது சுற்றிலும் மதில் கட்டிய ஒற்றைத் தோட்டம், ஐம்பது ஹெக்டேர், நம்ம கணக்கில் நூற்று இருபத்தைந்து ஏக்கர் போல. 1098-இல் தொடங்கிய சீத்தோ மடத்தின் துறவிகள் பண்படுத்திய நிலம், பிரெஞ்சுப் புரட்சியில் மடத்திடமிருந்து பறித்து விற்றார்கள், அப்புறம் விற்பனையிலும் வாரிசுப் பாகப்பிரிவினையிலும் துண்டு துண்டாகி இன்று சுமார் எண்பது பேர் கையில் இருக்கிறது. மதிலுக்குள் மேல்பக்கம், கீழே சாலையோர ஈர மண் எல்லாமே சட்டப்படி க்ரான் க்ரூ, ஒரே பெயர்தான். ஆகவே பாட்டில் வாங்கும்போது தோட்டத்தின் பெயரோடு விளைவித்தவர் பெயரையும் பாருங்கள், இதைக் கடையில் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மதிலுக்குள் இருக்கும் பழைய கட்டடத்தில் திராட்சை பிழிந்த மரச் செக்குகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு வீட்டுக் கூரை அளவுக்கு. அதற்காகவே போகலாம். ஆனால் அந்தக் கட்டடத்தில் இப்போது ஒயின் தயாரிப்பதில்லை, அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

அங்கிருந்து தோட்டங்களுக்கு நடுவே அரை மணி நேரம் நடந்தால் வோன் ரோமனே. முதல் நாள் ஆறு நிமிடம் பார்த்த ரோமனே கோன்தி முன்னால் இந்தத் தடவை ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். குட்டைச் சுவர், ஒரு கல் சிலுவை, உள்ளே வராதீர்கள் என்று கேட்டுக்கொள்ளும் பலகை, அவ்வளவுதான். 1.8 ஹெக்டேர், நாலரை ஏக்கர்கூட இல்லை. இதன் ஒரு பாட்டில் நம்ம பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேர்ப்பூச்சி வந்து பிரான்சு முழுக்கக் கொடிகள் செத்தபோது பெரும்பாலோர் அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டி மீண்டார்கள், இந்த நிலத்திலோ பழைய கொடிகளையே மருந்தடித்து மருந்தடித்து 1945 வரை காப்பாற்றினார்கள். அந்த ஆண்டு அறுநூறு பாட்டில்தான் கிடைத்தது. அதோடு பிடுங்கிவிட்டுப் புதிதாக நட்டார்கள். 1945-இன் ஒரு பாட்டில் 2018-இல் ஐந்தரை லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒருவர் குதிரையை ஏர் பூட்டிப் பக்கத்துத் துண்டில் உழுதுகொண்டு போனார். கனமான டிராக்டர் மண்ணை இறுக்கிவிடும் என்பதால் சில தோட்டங்களில் திரும்பக் குதிரைக்கே வந்துவிட்டார்கள்.

போன் ஊருக்குள் ஒரே ஒரு இடம் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் ஒஸ்பிஸ். 1443-இல் நிக்கோலா ரோலேன் என்ற பெரிய அதிகாரியும் அவர் மனைவி கிகோன் த சாலேனும் ஏழைகளுக்காக நிறுவிய மருத்துவமனை, வண்ண ஓட்டுக் கூரை, உள்ளே சிவப்புத் திரை போட்ட கட்டில்கள் இரண்டு வரிசை. இதற்குத் தானமாக வந்த தோட்டங்களே இன்று அறுபது ஹெக்டேர் இருக்கும். அந்த ஒயினை ஒவ்வொரு நவம்பரிலும் மூன்றாவது ஞாயிறு ஏலம் விடுகிறார்கள், 1859-இலிருந்து நடக்கிறது. அந்த வாரம் அறை கிடைப்பது கஷ்டம்.

சாப்பாடு: சைவக்காரர்களுக்குக் கொஞ்சம் சிரமம். என் மனைவி முட்டையும் சீஸும் சாப்பிடுவாள், அதனால் சமாளித்தோம். கூஜேர் என்ற சீஸ் பணியாரம் எல்லா இடத்திலும் சூடாகக் கிடைக்கும், பிரமாதம். சிவப்பு ஒயின் குழம்பில் வேகவைத்த முட்டை இந்த ஊர்ச் சிறப்பு, ஆனால் அதில் பன்றிக்கறித் துண்டு போடுவார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை நிலவறைகள் மூடியிருக்கும், ஞாயிறு பல சின்னத் தோட்டங்கள் திறப்பதே இல்லை. கார் எடுப்பவர்கள் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் வரம்பு என்பதை நினைவில் வையுங்கள்.

இந்தியாவுக்குத் திரும்பும்போது ஒருவருக்கு இரண்டு லிட்டர் வரை சுங்க வரி கிடையாது, அதாவது ஆளுக்கு இரண்டு பாட்டில். நாங்கள் அந்த அம்மாவிடமே நான்கு வாங்கி, ஸ்வெட்டரில் சுற்றிப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தோம், ஒன்றும் உடையவில்லை. ப்ரிமியே க்ரூவை ஐந்து வருஷம் தொடாதீர்கள் என்று சொல்லிக் கொடுத்தார். ஒயினை வைத்திருக்க வேண்டிய பதின்மூன்று டிகிரி குளிருக்குச் சென்னை வெயிலில் எங்கே போவது, வந்த மூன்றாம் மாதமே திறந்துவிட்டோம். கொஞ்சம் துவர்ப்பு அடங்காமல்தான் இருந்தது. ஆனால் மூடியைத் திறந்ததும் அந்த நிலவறை வாசம் அப்படியே வந்தது, மனைவி கிளாஸை வைத்துவிட்டு, சைக்கிளில் நின்ற இடத்தில் எடுத்த படத்தைத் தேட ஆரம்பித்தாள்.