காயம்பட்ட மான்: உடனே பின்தொடர்வதா, பொறுத்திருப்பதா?

ஏற்காடு அடிவாரத்தில் வண்டி மோதியோ நாய் கடித்தோ காயம்பட்ட புள்ளிமான் புதருக்குள் ஓடினால், நம் ஆட்கள் உடனே பின்னால் ஓடுவார்கள். நல்ல மனசுதான். ஆனால் துரத்தப்படும் மான் அந்தப் பதற்றத்திலேயே தசை சிதைந்து செத்துவிடலாம்.

விட்டுப்பிடித்தால், பெரும்பாலும் கொஞ்ச தூரத்திலேயே படுத்துவிடும். அமெரிக்க வில்வேட்டைக்காரர்களின் கணக்கும் இதுதான்: ரத்தம் நுரையோடு வெளிர்சிவப்பாக இருந்தால் அம்பு நுரையீரலில் பட்டிருக்கிறது, அரை மணி நேரம் போதும், குடல்கழிவு கலந்து நாறினால் பல மணி நேரம் காத்திருப்பார்கள். இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையே குற்றம். தடம் பார்க்கும் அறிவு மட்டும் நமக்குப் போதும்.

என் ஓட்டு பொறுமைக்குத்தான். கடைசி ரத்தத்துளி கிடக்கும் சருகுக்குப் பக்கத்தில் ஒரு கல்லை வையுங்கள், நாய்களை விரட்டுங்கள், அப்புறம் வனத்துறைக்குச் சொல்லுங்கள். நடுரோட்டிலேயே விழுந்து கிடந்தால் மட்டும் தாமதிக்கக் கூடாது. வண்டிகளை நிறுத்திவிட்டு, அதன் கண்களைத் துணியால் மூடுங்கள், அடங்கிக் கிடக்கும்.