வெளிப்பூச்சைத் தட்டிப் பார்க்காமல் சாரத்தைப் பிரிக்க விடாதீர்கள்

வீட்டுக்கு வெளிப்பூச்சு முடிந்து மூன்று வாரம்தான் ஆகிறது, அதற்குள் மேற்குச் சுவரைக் கொத்தி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள்.

பூச்சு முடிந்த அன்றைக்கே சாரத்தைப் பிரிக்க வேண்டும், அடுத்த வேலைக்கு வேண்டும் என்று மேஸ்திரி அவசரப்படுத்தினார். சுவரும் பார்க்க வழவழவென்று அழகாக இருந்ததால் சரி என்று மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டேன். அதுதான் நான் செய்த பெரிய தவறு. ஐந்தாம் நாள் காலையில் பார்த்தால், கான்கிரீட் தூணும் செங்கலும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழ் வரை நூல் பிடித்த மாதிரி ஒரு வெடிப்பு. சன்னலுக்குக் கீழே காய்ந்த வண்டல் மாதிரி பொடிப்பொடியாக வெடிப்புகள். போன் செய்தால், "அது முடி வெடிப்பு சார், எல்லா வீட்டிலும் வரும், பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் மறைந்துவிடும்" என்றார். பட்டி என்பது பெயிண்டுக்கு முன் சுவரில் தேய்க்கும் மாவு (putty). அப்புறம் ஒரு பையனை அனுப்பி வெடிப்பின் மேல் சிமெண்ட் பாலைத் தடவச் சொன்னார், இரண்டே நாளில் அதே இடத்தில் மறுபடி வெடித்தது.

தெரிந்த வயதான கொத்தனார் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் கரண்டிக் காம்பால் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போனார். பிடிப்பு உள்ள இடத்தில் சத்தம் கெட்டியாகக் கேட்டது, தூணுக்குப் பக்கத்தில் மட்டும் காலிப் பானையைத் தட்டுவது போல ஒலித்தது. உளியை வைத்து ஒரு அடி அடித்ததும் பூச்சு அப்பளம் மாதிரி பெயர்ந்து கையோடு வந்தது. அதன் பின்பக்கத்தைப் பார்த்தேன், தூணுக்கு அடித்திருந்த பலகையின் ரேகை அப்படியே அச்சாகப் பதிந்திருந்தது, ஒரு கொத்துத் தழும்புகூட இல்லை. பூச்சு பிடிப்பதற்காகத் தூணின் வழவழப்பைக் கொத்திச் சொரசொரப்பாக்கவே இல்லை, செங்கலும் கான்கிரீட்டும் சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் 150 மி.மீ. ஏறும்படி அடிக்க வேண்டிய கோழிவலையும் இல்லை. இரண்டும் வேறு வேறு அளவில் வெப்பத்துக்கு விரிந்து சுருங்குமாம், வலை இல்லாவிட்டால் அந்தக் கோட்டில்தான் முதலில் பிளக்குமாம்.

சன்னல் பக்கத்துக்குக் காரணம் வேறு. கலவையில் தண்ணீர் கூடிப்போனதும், ஈரத்தை இழுக்க வெறும் சிமெண்டைத் தூவித் தேய்த்துவிட்டார்கள். நான் அதைக் கண்ணால் பார்த்தேன், ஏதோ மெருகு கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். காலையில் போட்ட கலவை இறுகிய பிறகு தண்ணீர் ஊற்றிக் கிளறி மதியம் பூசினார்கள், அதையும் கேட்கவில்லை. சாயங்கால வெயில் முழுக்க விழும் சுவருக்கு இரண்டே நாள்தான் தண்ணீர் அடித்தார்கள், குறைந்தது 7 நாளாவது ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் உடைக்கத் தேவையில்லை என்று அந்தக் கொத்தனார் சொன்னது பெரிய ஆறுதல். பிடிப்போடு இருக்கும் சுவரில் உள்ள மெல்லிய வெடிப்பை, பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு வெளிச்சுவருக்கான பட்டியால் அடைத்துவிடலாம். ஆனால் பொள்ளலாக ஒலிக்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு, அதைச் சுற்றிக் கட்டரில் சதுரமாக அறுத்துக் கொத்தி எடுத்து, நனைத்து, வலை அடித்துத்தான் மறுபடி பூச வேண்டும். மேலே எதைத் தடவினாலும் நிற்காது.

பழைய மேஸ்திரி இப்போது போனை எடுப்பதில்லை. உடைத்த துண்டுகளை, பின்பக்கம் தெரியும்படி படம் எடுத்து அவருக்கு அனுப்பியிருக்கிறேன். பெயிண்டர் அடுத்த வாரம் வரட்டுமா என்று கேட்டார், புதுப்பூச்சுக்கு 28 நாள் ஆகட்டும் என்று சொல்லிவிட்டேன்.