கவுன்சிலிங்: உள்ளூரா, கோவையா, போனா?

தம்பிக்குத் தூக்கம் கெட்டு மூன்று மாதம். "இந்த ஆர்டர் போய்ச் சேர்ந்தால் சரியாயிடும்" என்றே வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறவன், ஒருநாள் செக்கிங் டேபிள் முன்னால் நின்றபடியே அழுதுவிட்டான், அதற்கப்புறம்தான் ஆள் தேடினேன்.

முதலில் உள்ளூர் கவுன்சிலர். கட்டணம் குறைவு, பைக்கில் பத்து நிமிடம், அன்பாகத்தான் பேசினார். ஆனால் உட்கார்ந்ததும் "எந்த ஊருங்க, எந்தக் கூட்டம்?" என்று குலம் விசாரிக்க ஆரம்பித்து, கடைசியில் எங்கள் சித்தப்பாவின் சம்பந்தி வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். நம் பக்கம் அது மரியாதைதான், கல்யாண வீட்டில். தம்பி அதற்குமேல் வாயே திறக்கவில்லை. என்ன படித்திருக்கிறார் என்று கேட்டேன், முகம் சுருங்கிவிட்டது.

கேட்பதில் தப்பே இல்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (மருத்துவ உளவியலாளர்) என்று போட்டுக்கொள்ள, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும், பதிவு எண்ணை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். கவுன்சிலர் என்று போர்டு மாட்ட ரொம்ப காலம் அப்படி எதுவும் தேவைப்படவில்லை, 2021-ல் வந்த சட்டம்தான் அவர்களையும் பதிவுக்குள் கொண்டுவரப் பார்க்கிறது.

அடுத்தது கோவை, ஆர்.எஸ்.புரத்தில் ஒரு சைக்காலஜிஸ்ட் அம்மா. ஐம்பது நிமிடத்துக்கு 1,500 ரூபாய், போகவர அரைநாள் போய்விடும். அந்த அம்மா பேச்சைத் தொடங்கும் முன்பே, சொல்வது எதுவும் வெளியே போகாது, உயிருக்கு ஆபத்து என்றாலோ கோர்ட் கேட்டாலோ மட்டும் விதிவிலக்கு என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். 2017 மனநலச் சட்டத்திலேயே இந்த ரகசிய உரிமை இருக்கிறது, ஆனால் சொல்லிக் கேட்டது அங்கேதான். மாத்திரை வேண்டுமா என்று கேட்டதற்கு "அது என் வேலை இல்லைங்க, சைக்கியாட்ரிஸ்ட்டைப் பாருங்க" என்றார். இரண்டாவது தடவை ஒரு நோட்டு வாங்கிவரச் சொன்னார். "சரக்கு லேட்டானால் பையர் போயிடுவான்" என்று தம்பி எழுதினான். பக்கத்திலேயே, போன வருஷம் எத்தனை தடவை லேட்டாச்சு, எத்தனை பேர் போனார்கள் என்று எழுதச் சொன்னார். ஆறு தடவை, ஒருத்தர். சிபிடி என்கிறார்களே, நம் எண்ணம் நிஜம்தானா என்று சோதித்துப் பார்க்கும் சிகிச்சை, அது இதுதான்.

மூன்றாவது, போனிலேயே கவுன்சிலிங் தரும் ஆப். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ராத்திரி பதினொன்றுக்கும் ஆள் கிடைக்கும், நம் சொந்தக்காரராக இருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் வேறு ஆள், தம்பி அதே கதையை மூன்று பேரிடம் முதலிலிருந்து சொன்னான். ராத்திரியில் மனசு கிடந்து அடித்துக்கொண்டால் 14416 போதும், அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ், 2022-லிருந்து இருக்கிறது, இலவசம், தமிழிலும் பேசுவார்கள். பணம் கஷ்டம் என்றால் கோவை ஜிஎச்-சில் மனநலப் பிரிவு இருக்கிறது, கூட்டத்துக்குத் தயாராகப் போக வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் ஓட்டு கோவைக்கு. அதை முடிவு செய்தது நோட்டு இல்லை, அப்பா. தம்பிக்குத் தெரியாமல் அந்த அம்மாவுக்குப் போன் போட்டு, "பணம் கட்டறது நானுங்க, பையன் என்ன சொன்னான்னு சொல்லுங்க" என்றிருக்கிறார். "அவரையே கேளுங்கய்யா" என்று வைத்துவிட்டாராம். அப்பாவுக்கு ஒரு வாரம் கோபம். தம்பி இப்போது சனிக்கிழமை ஒன்றுவிட்டு ஒன்று, சித்தப்பா வீட்டில் நூல் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, கோவை பஸ் ஏறுகிறான்.