42,000 ரூபாயும் போச்சு, எட்டு நாளும் போச்சு

தமிழ்நாடு-கேரளா பார்டர்ல கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் இருக்கிறவங்க இதைக் கொஞ்சம் படிங்க. பேர் போட்டா வக்கீல் நோட்டீஸ் வரும்னு பயம், போடலை. 'ஆபரேஷன் இல்லாம சைனஸ் தீரும்'னு போர்டு வெச்ச ஒரு கிளினிக். அவ்வளவுதான் சொல்வேன்.

அம்மாவுக்கு வலது பக்கம் மூக்கடைப்பு, கன்னத்துல வலி. சர்க்கரை பன்னண்டு வருஷமா இருக்கு. அங்க இருந்தவர் டார்ச் அடிச்சு மூக்கைப் பார்த்தார், எழுந்து வந்து அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டார். "மத்தவங்க வெட்டணும்பாங்கம்மா. உங்க மகன் மாதிரி சொல்றேன், நான் வெட்ட விடமாட்டேன்." அம்மாவுக்குக் கண் கலங்கிடுச்சு. அங்கதான் நான் விழுந்தேன். சர்க்கரை எவ்வளவுன்னு அவர் ஒரு வார்த்தை கேட்கலை, எனக்கும் உறைக்கலை. பேக்கேஜ் 42,000 ரூபாய். அம்மாவோட ரெண்டு வளையல் அடகுக்குப் போச்சு.

நாலாம் நாள் கன்னம் மரத்துப்போச்சு. போன் பண்ணினேன். "மருந்து வேலை செய்யுதுங்க." ஆறாம் நாள் மூக்கு சிந்தினா, துண்டுல காபித்தூள் மாதிரி கறுப்புப் பொருக்கு. போட்டோ அனுப்பினேன். "கழிவு வெளியேறுது, நல்லதுதான்"னு பதில், கும்பிடு பொம்மையோட. எட்டாம் நாள் இமை வீங்கிடுச்சு. போனையே எடுக்கலை.

கோயமுத்தூர் ஜி.எச்.சுக்கு ஓடினோம். காது மூக்கு தொண்டை டாக்டரம்மா ஸ்கோப் விட்டு, கறுத்த சதையில துளி கிள்ளி பூஞ்சை இருக்கான்னு பார்க்கிற கே.ஓ.எச். பரிசோதனைக்கு அனுப்பினாங்க. அன்னிக்கே பூஞ்சைன்னு வந்துடுச்சு. 2021ல கொரோனா சமயத்துல பயமுறுத்துச்சே, அதே கறுப்புப் பூஞ்சை. சர்க்கரை 410. கிளினிக்ல குடுத்த மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்துட்டு, "டெக்சாமெதாசோன். ஸ்டீராய்டுங்க இது. சர்க்கரையை ஏத்திவிட்டுப் பூஞ்சைக்குச் சோறு போட்டிருக்காங்க"ன்னாங்க. செத்த சதையைச் சுரண்டி எடுத்தாச்சு. பூஞ்சையைக் கொல்ற ஆம்போடெரிசின் மருந்து இன்னும் ஏறுது, கிட்னி தாங்குதான்னு அடிக்கடி ரத்தம் எடுக்கறாங்க. கண்ணு தப்பிச்சுது.

நேத்து பணம் கேட்கப் போனேன். "பில் பொள்ளாச்சி ஆபீஸ்ல போட்டதுங்க, அங்க கேளுங்க." பொள்ளாச்சி போனா, "வைத்தியம் கேரளாவுல நடந்தது, எங்களுக்குத் தெரியாது." பார்டரை வெச்சே 42,000 ரூபாயை முழுங்கிட்டாங்க.

என்ன செய்யணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், கை நடுங்குது. சர்க்கரை இருக்கிறவங்களுக்குக் கன்னம் மரத்தாலோ, கறுப்புப் பொருக்கு வந்தாலோ, இமை வீங்கினாலோ அன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரி போங்க. டார்ச் மட்டும் அடிக்கிற இடத்துல காசு கட்டாதீங்க. என்ன மாத்திரைன்னு கேட்காம முழுங்காதீங்க. பில்லுல எந்த ஊர் அட்ரஸ்னு பாருங்க. 42,000 ரூபாய்ங்க. இருங்க, நர்ஸ் கூப்பிடறாங்க.