பிளக் கேபிள்: மூன்று வருஷக் கணக்கா, மழைக் கணக்கா?

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடியில், காடியில் (காரில்) பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் பிளக் கேபிள் விஷயத்தில் இரண்டு கட்சி உண்டு. முதல் கட்சிக்கு மூன்றாவது மாடி மாமா தலைவர். செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் காடியில் தேதி எழுதி ஒட்டாத பொருளே கிடையாது. மூன்று வருஷம் ஆனால் கேபிளைக் கழற்றிவிடுவார், நல்லதோ கெட்டதோ. இன்னொரு கட்சி என் அத்தை மகனுடையது. அவன் ஓட்டுவது பழைய கஞ்சில், பெரோடுவாவின் சின்னக் காடி. "ஓடுற வரைக்கும் ஓடட்டும் மச்சான். மழ பேஞ்சா கொஞ்சம் இருமும், அப்புறம் சரியாயிடும்லா" என்பான்.

நான் இரண்டு கட்சியிலும் இருந்திருக்கிறேன். இரண்டிலும் காசு போயிருக்கிறது.

என்னுடையது புரோட்டோன் இஸ்வாரா, கார்புரேட்டர் வைத்த பழைய 1.3. மூன்றாவது கையாக வாங்கியது. முந்தைய இருவரும் எதை எப்போது மாற்றினார்கள் என்று கேட்க வழியில்லை. வாங்கிய வருஷம் நவம்பரில், இரவெல்லாம் மழை கொட்டிய ஒரு காலையில், ஜாலான் ஈப்போவில் காடி துள்ள ஆரம்பித்தது. பத்து நிமிஷம் ஓடியதும் ஒன்றுமே நடக்காதது போல் போனது. பொமனிடம் (மெக்கானிக்கிடம்) கொண்டுபோகும் நேரத்தில் நல்ல வெயில். அவர் கேட்டுப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. கார்புரேட்டரைக் கழுவினார். அடுத்த மழைக்கு மறுபடி துள்ளல், பொறிக்கு வேண்டிய உயர் வோல்ட்டை உண்டாக்கும் காயில் (coil) மாறியது. அதற்கடுத்த மழைக்கு, அந்த வோல்ட்டை ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்துப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி மாறியது. மூன்று பில் கட்டிய பிறகும், மழை பெய்தால் காடி துள்ளியது.

கடைசியில் கண்டுபிடித்தது மாமாதான். ராத்திரி ஒன்பது மணிக்குக் கீழே வந்தார். கார் நிறுத்துமிட விளக்குக்கு எட்டாத மூலையில் காடியை விடச் சொன்னார். பானெட்டைத் திறந்து என்ஜினை ஓடவிட்டு, மாமி துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கும் புட்டியால் கேபிள்கள் மேல் பனி மாதிரி லேசாகத் தெளித்தார். மூன்றாம் கேபிளின் வளைவில் நீலமாக ஒரு பொறி என்ஜின் இரும்புக்குத் தாவியது. டிக், டிக் என்று சத்தம் வேறு. "இதுதான் தம்பி, உன் மூணு பில்லு" என்றார்.

இந்தக் கேபிளின் வேலை சாதாரணமானதல்ல. காயிலிலிருந்து வரும் 20,000 வோல்ட்டுக்கும் மேலான அழுத்தத்தை வழியில் எங்கும் ஒழுகவிடாமல் பிளக் வரைக்கும் கொண்டுசேர்க்க வேண்டும். உள்ளே கார்பன் பூசிய நார். வெளியே தடிமனான ரப்பர் அல்லது சிலிக்கான் உறை. சூட்டில் உறை காய்ந்து, கோடு கோடாக வெடிக்கும். வெடிப்பில் ஈரம் இறங்கினால் மின்சாரத்துக்குக் குறுக்கு வழி கிடைத்துவிடும். பிளக்குக்குப் போக வேண்டியது பக்கத்து இரும்புக்குப் போகும். என்ஜின் சூடேறி ஈரம் காய்ந்ததும் அந்த வழி அடைபடும். காலையில் இருமிய காடி மத்தியானம் பொமன் முன்னால் சாதுவாக நிற்பது இதனால்தான்.

மாமா பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. கோலாலம்பூரில் கிலோமீட்டரை நம்பவே கூடாது என்பார். ஜேமில் ஒரு மணி நேரம் நின்றால் மீட்டரில் ஏறுவது நாலைந்து கிலோமீட்டர்தான், ஆனால் பானெட்டுக்குக் கீழே அந்த ஒரு மணி நேரமும் கேபிள் வேகும். காற்றோட்டமும் இல்லை. ஆகவே ஒரு லட்சம் கிலோமீட்டர் தாங்கும் என்று பொதுவாகச் சொல்கிற கணக்கு நெடுஞ்சாலைக் காடிக்குப் பொருந்தலாம். செந்தூலிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு வேலைக்குப் போய்வரும் காடிக்கு வருஷத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இதுவரை அவரோடு ஒத்துப்போகிறேன். ஆனால் மூன்று வருஷம் என்பது அநியாயம். தரமான கேபிள் இந்த ஊர் வெயிலிலும் அதைத் தாண்டி ஓடும். அவர் குப்பையில் போட்ட ஒரு செட்டை நான் எடுத்து அளந்து பார்த்தேன். அத்தனையும் நலம். இன்னொரு ஆபத்தும் உண்டு: நல்ல பழைய கேபிளைக் கழற்றி, தரம் தெரியாத புதியதைப் போடுவது. நம் பணத்தில் நாமே கோளாறு வாங்கிக்கொள்கிற வேலை அது.

மச்சான் பக்கத்துக்கு என்னிடம் பொறுமை குறைவு. கேபிள் ஒன்று அறுந்தால் கேபிள் மட்டும் போவதில்லை. பொறி வெளியேற வழியில்லாதபோது காயிலுக்குள் வோல்ட் உச்சத்துக்கு ஏறி, காயிலின் உறையை, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை, அதற்குள் சுற்றும் ரோட்டரைத் துளைக்கப் பார்க்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள காடியில் அந்தப் பெட்ரோல் அங்கே போய் எரிந்து, அதையும் சுட்டுக் கெடுக்கும். அதன் விலைக்கு எத்தனையோ செட் கேபிள் வாங்கலாம். இதில் வேடிக்கை, காத்திருக்கும் உரிமை மச்சானுக்குத்தான் எல்லோரையும்விடக் குறைவு. என் இஸ்வாராவுக்கு நான்கு சிலிண்டர், ஒன்று போனால் முக்கால்வாசியாவது மிஞ்சும். கஞ்சிலுக்கு மொத்தமே மூன்று. ஒன்று படுத்தால், காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா ஏற்றத்தில் லோரிகூட ஹார்ன் அடித்துத் தாண்டிப் போகும்.

ஏற்றம் என்றதும் ஞாபகம் வருகிறது: கேபிள் பலவீனத்தை முதலில் காட்டிக்கொடுப்பது மழையும் மேடும்தான். மேட்டில் அழுத்தி மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் பொறி தாவ அதிக வோல்ட் வேண்டும். பலவீனமான உறை அங்கேதான் கைவிடும். பிளக் தேய்ந்து அதன் இடைவெளி அகன்றிருந்தாலும் இதே கதை. அதனால் கேபிளைக் குற்றம் சொல்வதற்கு முன் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். தேய்ந்த பிளக்கை வைத்துக்கொண்டு புதுக் கேபிள் போட்டால், புதுக் கேபிளும் சீக்கிரம் கிழவனாகிவிடும்.

இரண்டு கட்சிக்கும் நடுவில் நான் நிற்கும் இடம், சோதித்துவிட்டு முடிவு செய்வது. அதற்கு மல்டிமீட்டரும் தண்ணீர் தெளிக்கும் புட்டியும் போதும். ஒவ்வொரு கேபிளையும் கழற்றி இரண்டு முனைக்கும் இடையே மின்தடையை, அதாவது ஓம், அளக்க வேண்டும். டோயோட்டாவின் பழைய கையேடுகளில் ஒரு கேபிளுக்கு 25,000 ஓம் என்று உச்ச வரம்பு போட்டிருக்கும். அதை ஒரு அளவுகோலாக மனதில் வைத்துக்கொண்டு, உங்கள் காடியின் கையேட்டில் உள்ளதைப் பின்பற்றுங்கள். நீளமான கேபிள் கூடுதலாகக் காட்டும், குட்டையானது குறைவாகக் காட்டும். அது சரிதான். குட்டையானது நீளமானதைவிட அதிகம் காட்டினால் சந்தேகப்படுங்கள். அளக்கும்போதே கேபிளை மெல்ல வளைத்துப் பாருங்கள், எண் தாவினால் உள்நார் அறுந்துகொண்டிருக்கிறது.

மீட்டரை மட்டும் நம்பி ஏமாந்தவர்களும் உண்டு. என் மூன்றாம் கேபிள் மீட்டரில் தேறியது! காரணம் எளிது. மீட்டர் அனுப்புவது சில வோல்ட், அது வெடிப்பு வழியாக ஒழுகாது. ஒழுக்கு தெரிய இருட்டும் ஈரமும் வேண்டும். ஆகவே இரண்டு சோதனையும் செய்யுங்கள். தெளிக்கும்போது கை எதிலும் படக்கூடாது. என்ஜின் ஓடும்போது கேபிளை உருவிப் பார்க்கும் பழைய பொமன் வித்தை வேண்டவே வேண்டாம், ஷாக் அடிக்கும், காயிலுக்கும் கேடு. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்தச் சோதனைக்குப் பக்கத்திலேயே வரக்கூடாது.

ஆனால் சோதனையே வேண்டாம், உடனே மாற்றுங்கள் என்று நான் சொல்லும் ஒரு நிலை உண்டு: கேபிளின் வயது தெரியாத இரண்டாம் கை, மூன்றாம் கைக் காடி. அங்கே கேபிளோடு பிளக்கையும் சேர்த்து மாற்றித் தேதி எழுதிவிட்டால், அடுத்த மழையில் எது குற்றவாளி என்று தேடும் பட்டியலில் இரண்டு பெயர் குறையும். என் மூன்று பில்லும் இதைச் செய்யாததற்குக் கட்டிய அபராதம். வயது தெரிந்த கேபிள் என்றால், பிளக் மாற்றும் ஒவ்வொரு முறையும் சோதியுங்கள். முனை ரப்பர் கல்லாக இறுகியிருந்தாலோ, எண்ணெய் ஊறிக் கொழகொழவென்று இருந்தாலோ, மீட்டர் என்ன சொன்னாலும் மாற்றிவிடுங்கள். எண்ணெய் ஊறியிருந்தால் வால்வு மூடி கேஸ்கெட்டையும் பாருங்கள், இல்லையென்றால் புதியதும் ஊறும்.

சரி, நாமே மாற்றுவதா, பொமனிடம் விடுவதா? கூலி மிச்சம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். இந்த வேலைக்குக் கூலி சொற்பம். நாமே செய்வதால் கிடைக்கும் லாபம் வேறு. ஒவ்வொரு முனையையும் நம் கையால் தொட்டுப் பார்க்கிறோம், எது இறுகியது, எது கரிந்தது என்று நமக்குத் தெரிகிறது. பட்டறையில் அவசரம். பழையது குப்பைக் கூடைக்குப் போய்விடும், நமக்கு வருவது பில் மட்டும். என்ஜினின் பின்பக்கம் கை நுழையாத இடத்தில் பிளக் இருக்கும் காடி என்றால் மட்டும் பொமனிடம் கொடுங்கள். இஸ்வாரா, கஞ்சில் வகையில் அரை மணி நேர வேலைதான். என்ஜின் ஆறியிருக்க வேண்டும். கேபிளைப் பிடித்து இழுக்காமல், முனை ரப்பரைப் பிடித்துக் கால் திருப்பு திருப்பி உருவ வேண்டும். ஒன்றைக் கழற்றினால் அதே நீளத்தில் புதியதைப் போட்டுவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும்.

இதை எப்படிக் கற்றேன் என்று கேட்காதீர்கள். சரி, கேளுங்கள். சுத்தமாகச் செய்கிறேன் என்று, காயிலிலிருந்து வரும் நடுக் கேபிளோடு ஐந்தையும் ஒரே நேரத்தில் கழற்றிக் காகிதத்தில் பரப்பினேன். எந்தச் சிலிண்டருக்குப் பின் எதற்குப் பொறி என்ற வரிசை 1-3-4-2 என்பது மனப்பாடம். டிஸ்ட்ரிபியூட்டர் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதுதான் மறந்துபோனது. சாவியைத் திருப்பியதும் கார்புரேட்டர் வழியாக ஒரு வெடி. நாலாவது மாடி வரைக்கும் ஜன்னல் திறந்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை, மூடியின் மேல் எண் எழுத ஒரு வெள்ளைத் திருத்த மைப் புட்டி கொண்டுவந்து கொடுத்தார்.

இன்னொன்று: இந்த வரிசையில் 3-ஆம் சிலிண்டருக்குப் பொறி போன உடனே 4-க்குப் போகும். அந்த இரண்டு கேபிளும் ஒட்டி உரசிப் போகாமல் பிளாஸ்டிக் பிடிப்புகளில் பிரித்து மாட்டுங்கள்.

எந்தக் கேபிள் என்பதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. காடி வரும்போது இருந்த தரத்துக்குச் சமமானதை, நம்பிக்கையான ஸ்பேர் பார்ட் கடையில் வாங்குங்கள். இணையத்தில் பெரிய பெயர் அச்சடித்துப் பாதி விலைக்கு வருவதைத் தொடாதீர்கள். சிவப்பு, நீலம் என்று பளபளக்கும் தடித்த பந்தயக் கேபிள் சாதாரண என்ஜினுக்குக் கண்ணுக்குத்தான் விருந்து. பழைய காடியை வெட்டிப் பாகமாக விற்கும் வெட்டுக் காடிக் கடையில் கியர்பாக்ஸ் வாங்கலாம், கேபிள் வாங்கக்கூடாது. அதுவும் வயது தெரியாத சரக்குதானே. பெரோடுவா மைவி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை, ஒவ்வொரு பிளக் தலையிலும் ஒரு காயில் நேராக உட்கார்ந்திருக்கிறது.

மச்சான் இன்னும் மாற்றவில்லை. மழைக்காலம் வந்தால் மட்டும், கூரை உள்ள என் கார் நிறுத்துமிடத்தை இரவல் கேட்டு வருகிறான். போன வாரம் ஒரு செட் கேபிள் வாங்கி அவன் கையில் கொடுத்து, போட்டுவிட்டு வா, அப்புறம் இடத்தைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அது இன்னும் பிரிக்காத பெட்டியோடு அவன் பின்சீட்டில் கிடக்கிறது.