கருங்கல் இடுக்கில் கள்ளிமுளையான்: வளர்த்துப் பார்த்த அனுபவம்

மதுரையில் பாறைத் தோட்டம் போட நினைப்பவர்களுக்கு நர்சரிகளில் முதலில் காட்டப்படுபவை வெளிநாட்டுச் சதைச்செடிகள்தாம். அவற்றில் பல, நம் ஊர் சித்திரை வெயிலில் வெந்துபோகின்றன. கரட்டு நிலங்களில் தானாக முளைத்துக் கிடக்கும் நம் ஊர்ச் சதைச்செடியான கள்ளிமுளையானை யாரும் காட்டுவதில்லை. பல ஆண்டுகளாக வளர்த்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான செடி எனக்குத் தெரியாது.

ஒரு சாணுக்குச் சற்று மேலே வளரும். நான்கு பட்டையான தண்டு. பட்டைகளின் விளிம்பில் வரும் சிற்றிலைகள் சீக்கிரமே உதிர்ந்துவிடும். இலையின் வேலையைத் தண்டே செய்வதால் ஆண்டு முழுவதும் பசுமைதான். கோடையில் சற்றுச் சுருங்கிச் செம்பழுப்பு ஏறும், ஒரு மழைக்குத் திரும்பிவிடும். நுனிப்பகுதியில் பூக்கும் சிறு பூக்களைக் குனிந்துதான் பார்க்க வேண்டும். மங்கிய மஞ்சளில் கருஞ்சிவப்பு வரிகள் அவ்வளவு நேர்த்தியாக ஓடும். தேனீ வராது, ஈதான் வரும்.

மண்ணில் தாராளம் காட்டக் கூடாது. சரளை, கால் இஞ்சு ஜல்லி, ஆற்று மணல் மூன்றும் பெரும்பங்கு; செம்மண் ஒரு கைப்பிடி போதும். தொழுவுரம் போட்டால் தண்டு கொழுத்து, நிற்க வலுவின்றிச் சாய்ந்துவிடும். வெயிலால் இது சாவதில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் எமன். தண்டின் அடி கண்ணாடி போல மாறினால் அழுகல் தொடங்கிவிட்டது என்று பொருள். மேல்பகுதியை உடனே வெட்டி எடுத்தால் அதையாவது காப்பாற்றலாம். பாத்தியைச் சரிவாக அமைத்து, செடியைக் கல்லின் மேற்புறம் வைப்பதே நல்ல காப்பு. மாவுப்பூச்சி வந்தால் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்துவிட்டு, சோப்புக் கரைசலில் கலந்த வேப்பெண்ணெயை மாலையில் தெளித்தால் போதும்.

பெருக்குவதுதான் இதில் எனக்குப் பிடித்த வேலை. தை முடிந்து ஈரம் வற்றியதும் முற்றிய தண்டைக் கணுவில் வெட்டி, நிழலில் ஒரு வாரம் போட்டுவைக்க வேண்டும். வெட்டுவாய் காய்ந்து தோல் மூடிய பிறகு, சரளை மேல் படுக்கவைத்து, புரளாமல் ஒரு கல்லை அண்டை கொடுத்தால் போதும். ஆழமாகப் புதைக்கக் கூடாது. வேர் பிடிக்கும் வரை தண்ணீர் வேண்டாம். தரையைத் தொடும் பக்கத்திலிருந்து நூல் போன்ற வெள்ளை வேர்கள் இறங்கி, தூக்கிப் பார்த்தால் மணல் துகள்களையும் பற்றிக்கொண்டு வரும்.

விதையிலிருந்தும் வளர்க்கலாம். எருக்கின் குடும்பத்துச் செடி என்பதால் காய்கள் இரட்டைக் கொம்பாக நிற்கும். வெடித்தால் பட்டு மயிரோடு விதைகள் பறந்துவிடும். வெடிக்கும் முன்பே காயில் மெல்லிய துணியைக் கட்டிவிட வேண்டும். புது விதையைச் சலித்த மணலில் தூவி ஈரம் காத்தால் சீக்கிரமே முளைக்கும்.

இதன் தண்டு எங்கள் வீட்டில் துவையலுக்கும் ஆகும். எருக்கைப் போல ஒடித்த இடத்தில் இதில் பால் வடியாது, தெளிந்த நீர்தான் கசியும். வெள்ளைப் பால் வந்தால் அது வேறு கள்ளி, வாயில் வைக்கவே கூடாது. என் அப்பத்தா இந்தச் சோதனை செய்யாமல் ஒரு தண்டையும் அடுப்படிக்குள் விடமாட்டார். பட்டை விளிம்பைச் சீவி, நறுக்கி, நல்லெண்ணெயில் வதக்கி, உளுந்து, மிளகாய் வற்றல், புளி சேர்த்து அவர் அரைக்கும் துவையலில் லேசான கசப்பு நிற்கும். சுடுசோற்றுக்கு அந்தக் கசப்புதான் ருசி.

தயவுசெய்து மலையிலிருந்து வேரோடு பிடுங்கி வராதீர்கள். மதுரைக்கு அருகிலுள்ள அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கிருந்து ஒரு தண்டுகூட எடுக்கக் கூடாது. வளர்ப்பவர்களிடம் கேட்டால் ஒரு துண்டு தராமல் இருக்கமாட்டார்கள். என் பாத்தியிலிருந்து போன துண்டுகள் இன்று எங்கள் தெருவில் பல வீட்டு மாடிகளில் வளர்கின்றன.